முகம் தெளிந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?

லூப்பஸ் என்றால் என்ன என்று விளக்குவது எனக்குப் பெரிய பாடில்லை. வருகிறவர்கள் மனதில் ஏற்கனவே வேறு ஏதோ ஒரு நோய் குடியிருக்கும், அதைக் கிளப்புவதுதான் பாடு. மூட்டு வலித்தால் வாதம், கன்னம் கறுத்துச் சிவந்தால் மங்கு, முடி கொட்டினால் ஊர்த் தண்ணீர் சரியில்லை, காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தால் உடம்புச் சூடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம், நடுவில் வர்ம ஆசானிடம் எண்ணெய். எல்லாம் ஒரே தீனம்தான், நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்குகிறது என்று தெரியவர மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்களே ஆகிவிடும்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். கல்யாணப் பேச்சு நடக்கிற வயது என்பதால் மறைக்கிறார்கள், மாத்திரையை விட்டமின் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இது தொற்றாது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால், டாக்டரிடம் பேசி மருந்துகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். மாமியார் வீட்டில் இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. மருந்து பிடித்து, முகம் தெளிந்து, விரல்கள் மடங்க ஆரம்பித்ததும் "இப்ப மேலுவலி ஒண்ணும் இல்ல டாக்டரே, அதான் நிறுத்திட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். வலி போனால் நோய் போச்சு என்பது நம் எல்லாருக்குமே உள்ள கணக்குதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் லூப்பஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது வலிக்காது. சிறுநீரில் புரதம் போவது டெஸ்டில்தான் தெரியும், கால் வீங்கும்வரை காத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நோயை அடக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது என்ற வருத்தம் நியாயமானதுதான், அதை டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினை 'மலேரியா மாத்திரை' என்று யாரோ சொன்னதால் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், மலேரியாவுக்கு வந்த மருந்துதான், லூப்பஸ் மறுபடி கிளம்பாமல் காப்பதும் அதுதான், கர்ப்பத்திலும் பொதுவாகத் தொடர்வோம். நாளடைவில் கண்ணைத் தொடலாம் என்பதால் கண் பரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது.

வெயில் பட்டால் லூப்பஸ் கிளம்பும், ஆனாலும் "வெயில்ல போகாதீங்க" என்ற அறிவுரை எனக்கு ஒப்பாது. ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் பாதி வேலையை முடித்துவிடுவார், அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நிழல் உண்டு. குளச்சல் பக்கம் மீன் விற்கிற அக்கா என்ன செய்வார்? அவரிடம் முழுக்கை, குடை, பத்து மணிக்குள் எவ்வளவு முடியும் என்றுதான் பேச முடியும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும், கடலோர மணலும் அதைத் திருப்பி அடிக்கும்.

களைப்பை யாரும் நம்புவதில்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள், மடி பிடித்தவள் என்பார்கள். இதற்கு நான் கண்ட வழி, அடுத்த முறை கணவரையோ மாமியாரையோ கூட்டிவரச் சொல்வதுதான். நோயாளி பத்து தடவை சொன்னாலும் ஏறாதது, டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறுகிறது, என்ன செய்ய!

சிறுநீர் நுரைத்தாலோ, காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தாலோ, மூச்சு இழுத்து விடும்போது நெஞ்சு குத்தினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரமோ, பார்க்கிற இடத்துக்குப் பழைய சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.