ஜோ லூயிஸும் அலியும் மோதினால்? காலம் தாண்டிய குத்துச்சண்டைகளைக் கணக்குப் போடும் கலை

1967இல் முகமது அலி ஒரு சண்டையில் தோற்றார். தோற்கடித்தவர் ஜிம் ஜெஃப்ரிஸ். 1899 முதல் 1905 வரை ஹெவிவெயிட் (எடை மிகுந்தவர்களின் பிரிவு) சாம்பியனாக இருந்து, 1953இல் இறந்துபோனவர். சண்டை நடந்தது என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குள். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் பதினாறு பேரைக் கணினியில் மோதவிட்டு, ஒவ்வொரு மோதலையும் நேரடி வர்ணனை போலவே ஒலிபரப்பினார். கடைசியில் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ பட்டம் வென்றார். அலி சும்மா இருப்பாரா? தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு சமரசத்தில் முடிந்ததில் இன்னொரு வேடிக்கை பிறந்தது. 1969இல் அலியும், ஓய்வுபெற்று 13 ஆண்டுகளான மார்சியானோவும் மயாமியில் ஒரு ஸ்டூடியோவில் கேமரா முன்னால் குத்திக்கொண்டார்கள். மார்சியானோ உடம்பை இளைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். விதவிதமான முடிவுகளைப் படமாக்கி வைத்தார்கள். படம் வெளிவருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். 1970 ஜனவரியில் திரையரங்குகளில் ஓடிய படத்தில், 13ஆம் சுற்றில் அலியை அவர் நாக்அவுட் செய்தார்.

அந்தக் கணினி என்னதான் செய்தது? ஒவ்வொரு வீரருக்கும் வேகம், குத்தின் வலு, தாங்கும் சக்தி என்று பல குணங்களுக்கு எண் கொடுத்தார்கள். அந்த எண்கள் வந்தது குத்துச்சண்டை எழுத்தாளர்கள், நிபுணர்கள் ஆகியோரின் கருத்துகளிலிருந்து. அதாவது, டீக்கடை விவாதத்தில் யார் பெரியவர் என்று சண்டை போடுபவர்களின் அபிப்பிராயமே உள்ளே போய், கணினி அச்சடித்த தீர்ப்பாக வெளியே வந்தது.

சரி, கருத்து வேண்டாம், அளந்தே போடுவோம் என்றால் அதுவும் லேசில்லை. குத்தின் வலுவை எடுத்துக்கொள்வோம். 1985இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். கை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதியது. உச்ச விசை 4,096 நியூட்டன், ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். பயங்கரமான குத்துதான். ஆனால் இதே புரூனோ மைக் டைசனிடம் இரண்டு முறையும் நாக்அவுட்டில் தோற்றார். மயக்கம் போடவைப்பது விசை மட்டும் கிடையாது. தாடையில் எந்தக் கோணத்தில் பட்டது, தலை எவ்வளவு வேகமாகத் திரும்பியது, குத்து வருவதை வாங்குபவர் பார்த்தாரா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கிறது. பார்த்துவிட்டால் கழுத்துத் தசை இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். பார்க்காத குத்துதான் ஆபத்து. அது குத்துபவரின் நியூட்டனில் அடங்காது.

வொரோனரின் போட்டியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒவ்வொரு மோதலுக்கும் வானொலியில் ஒரே ஒரு முடிவைத்தான் கேட்க முடிந்தது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் எந்தச் சுற்றையும் வெல்ல 55 சதவீத வாய்ப்பு உள்ளவர், எதிராளி 45 என்று வைத்துக்கொள்வோம். நாக்அவுட் கிடையாது, சுற்றுகளை எண்ணி முடிவு செய்கிறோம். 15 சுற்று முடிவில் சிறந்தவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். மூன்றில் ஒரு தடவை கெட்டிக்காரரே தோற்பார்! ஆகவே நியாயமாகச் செய்வதென்றால் ஒரே சண்டையைக் கணினியில் பத்தாயிரம் தடவை ஓட்டி, எத்தனை தடவை யார் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டும். 'மார்சியானோ, 13ஆம் சுற்று' என்பது ரசிகர்களுக்குச் சுவையான பதில். கணக்குக்கு அது பதிலே இல்லை.

கருத்துகளை ஒதுக்கிவிட்டு, நடந்த சண்டைகளின் முடிவை மட்டும் வைத்துத் தரம் போடும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரிய இயற்பியலாளர் ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை அது. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே உள்ளவர் வெல்லும் வாய்ப்பு 64 சதவீதம். 200 என்றால் 76. எதிர்பாராத ஆள் ஜெயித்தால் நிறையப் புள்ளிகள் கைமாறும், எதிர்பார்த்தவர் ஜெயித்தால் கொஞ்சம்தான். சதுரங்கத்தில் ஆட்டங்கள் ஏராளம், அதனால் புள்ளி சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். குத்துச்சண்டையில்? ஃபிளாய்ட் மேவெதர் 1996 முதல் 2017 வரை மொத்தமே 50 தொழில்முறைச் சண்டைகள்தான் போட்டார். சுகர் ரே ராபின்சன் அந்தக் காலத்தில் ஒரே ஆண்டில் இருபது போட்டவர். இருவருக்கும் கிடைக்கும் புள்ளி ஒரே அளவு நம்பகமானதாக இருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஒருவரை ஒருவர் சந்திக்காத இரண்டு தலைமுறைகளை இந்த முறை எப்படி ஒப்பிடுகிறது? நடுவில் இருந்தவர்கள் மூலமாக. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 1951இல் மார்சியானோவோடு மோதினார். மார்சியானோ வீழ்த்திய ஆர்ச்சி மூர் 1962இல் அலியோடு மோதினார். அலி 1980இல் லேரி ஹோம்ஸோடு, ஹோம்ஸ் 1988இல் டைசனோடு. பாலம் போட்டாயிற்று, லூயிஸிலிருந்து டைசன் வரை நடந்தே போய்விடலாம்.

ஆனால் பாலத்தில் நிற்பவர்களின் வயதைப் பாருங்கள். மார்சியானோவிடம் தோற்றபோது லூயிஸுக்கு 37. அலியிடம் தோற்றபோது மூருக்கு 45 தாண்டியிருந்தது, அலிக்கு 20. ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு 38. டைசனிடம் தோற்றபோது ஹோம்ஸுக்கும் 38, டைசனுக்கு 21. ஒவ்வொரு கண்ணியிலும் கிழட்டுச் சிங்கத்தை இளையவர் அடிக்கிறார். இதை அப்படியே கணக்கில் போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட மேல் என்றுதான் விடை வரும், உண்மை எதுவாக இருந்தாலும் சரி. என்னைக் கேட்டால், காலம் தாண்டிய ஒப்பீடுகளில் மிகப் பெரிய கோளாறு இதுதான், விவாதிப்பவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் இதுதான்.

இதற்கு மருந்து உண்டு. நூற்றுக்கணக்கான வீரர்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, எந்த வயதில் சராசரியாக எவ்வளவு சரிகிறார்கள் என்று ஒரு வளைகோடு வரைந்து, அந்த அளவைத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். சராசரிக்குச் சரியாக வரும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது சராசரி ஆட்களைப் பற்றியா? ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 49 வயதிலும் பட்டத்தோடு இருந்தார். ஜோ ஃபிரேசியரோ முப்பது தாண்டியதுமே தேய்ந்துவிட்டார். பிறந்த தேதியைவிட வாங்கிய அடிதான் ஒருவரைக் கிழவராக்குகிறது. அந்த அடியை எண்ணிவைத்த பழைய ஏடுகள் இல்லை. ரிங் பக்கத்தில் ஒரு வீரருக்கு ஓர் ஆள் என்று உட்கார்ந்து, விழும் குத்து ஒவ்வொன்றுக்கும் பொத்தான் அழுத்தி எண்ணும் காம்ப்யூபாக்ஸ் முறையே 1985இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றைப் படச்சுருள் கிடைத்தால் எண்ணலாம், அவ்வளவுதான்.

அப்புறம், ஒரே எண்ணில் ஒரு வீரரை அடக்க முடியாது என்பதற்கு 1970களின் ஹெவிவெயிட் களமே சாட்சி. 1971இல் ஃபிரேசியர் அலியை வென்றார். 1973 மார்ச்சில் கென் நார்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அதே ஆண்டு ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃபிரேசியரை ஆறு தடவை கீழே தள்ளி இரண்டே சுற்றில் முடித்திருந்தார். 1974இல் நார்டனையும் இரண்டே சுற்றில் முடித்தார். புள்ளிக் கணக்குப்படி அலி ஃபோர்மனிடம் சிக்கினால் சட்னிதான். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா: எட்டாம் சுற்றில் அலி ஃபோர்மனை நாக்அவுட் செய்தார்.

தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஃபிரேசியர் குனிந்தபடியே முன்னேறி வருபவர். அலிக்கு அது தொல்லை, ஏனென்றால் நீளமான கைகளின் குத்துக்கு அடியில் புகுந்துவிடுவார். ஃபோர்மனுக்கு அதே குனிவு விருந்து, ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு (கீழிருந்து மேலே வரும் குத்து) நேராக ஃபிரேசியர் தலையைக் கொண்டுவந்து கொடுக்கிறாரே! நார்டன் முன்னால் நகரும்போது சிங்கம், பின்னால் தள்ளப்பட்டால் தடுமாறுபவர். ஃபோர்மன் எல்லோரையும் பின்னால் தள்ளுபவர். இதைக் கணக்கில் கொண்டுவர, ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு தொகுதி எண்கள் கொடுக்கும் மாதிரிகள் உண்டு: எதை நன்றாகத் தாக்குவார், எதற்கு எளிதில் அகப்படுவார். ஒருவரின் தாக்கும் தொகுதி இன்னொருவரின் பலவீனத் தொகுதியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். கல்-தாள்-கத்தரி விளையாட்டு போன்ற சுழல் அப்போது கணக்கிலேயே வந்துவிடும். ஆனால் எண்கள் கூடக்கூட அவற்றைக் கண்டுபிடிக்க அதிகச் சண்டைகள் வேண்டும். குத்துச்சண்டையில் அதுதான் பஞ்சம்.

இனி விதிமுறைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இன்று பட்டச் சண்டை 12 சுற்று. 1982இல் ரே மான்சினியோடு 14 சுற்று போராடிய கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்துபோனதை அடுத்துதான் 15 சுற்று படிப்படியாகக் கைவிடப்பட்டது. வரலாற்றில் 12ஆம் சுற்றோடு மணி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1952 செப்டம்பர், பிலடெல்பியா. மார்சியானோ சாம்பியன் வால்காட்டை எதிர்கொள்கிறார். 12 சுற்று முடிவில் மூன்று மதிப்பெண் ஏட்டிலும் வால்காட்தான் முன்னிலை. 13இல் ஒரே ஒரு வலதுகைக் குத்து, வால்காட் கயிற்றில் தொங்கினார். இன்றைய விதிப்படி அந்தக் குத்து விழுந்தே இருக்காது. 49 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை என்று உலகம் கொண்டாடும் மார்சியானோவின் 49-0 சாதனையும் இருந்திருக்காது. 1941இல் பில்லி கான் 12 சுற்று வரை லூயிஸுக்கு எதிராக இரண்டு ஏட்டில் முன்னிலை, மூன்றாவதில் சமம். 13ஆம் சுற்று முடிய இரண்டு விநாடி இருக்கும்போது லூயிஸ் அவரை நாக்அவுட் செய்தார். 1952 ஜூனில் நாற்பது டிகிரி வெயிலில் ஜோயி மாக்சிமை எதிர்த்த ராபின்சன் நல்ல முன்னிலையில் இருந்தும் சூடு தாங்காமல் 14ஆம் சுற்றுக்கு எழுந்து வர முடியவில்லை. நடுவரே பாதியில் களைத்து மாற்றப்பட்ட சண்டை அது. 12 சுற்று என்றால் ராபின்சன் லைட் ஹெவிவெயிட் சாம்பியன்.

12 என்று முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள் என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் அதுவே என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது: சுற்றின் எண்ணிக்கையை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். மற்ற விதிகளும் அப்படித்தான். டெம்ப்ஸி 1919இல் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்போதே குத்தலாம் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எதிராளி விழுந்தால் ரிங்கின் நடுநிலை மூலைக்கு ஒதுங்கவேண்டும் என்ற விதியோடு 1927இல் டன்னியை வீழ்த்தியபோது டெம்ப்ஸி உடனே மூலைக்குப் போகாததால் நடுவர் பத்து வரை எண்ணத் தொடங்குவது தாமதமாகி, டன்னிக்குக் கூடுதலாகச் சில விநாடிகள் கிடைத்தன. டன்னி எழுந்து வென்றார்.

உடம்பு பற்றிய வாதம் ஹெவிவெயிட்டில்தான் சூடு பிடிக்கும், அங்கே மேல்வரம்பு கிடையாதே. வால்காட்டை வென்ற அன்று மார்சியானோவின் எடை 84 கிலோகூட இல்லை. இன்று அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழே, 90.7 கிலோ வரம்புள்ள க்ரூசர்வெயிட் பிரிவில்தான் இருப்பார். அதற்காக எடை கூடினவர்தான் ஜெயிப்பார் என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஓலெக்ஸாண்டர் உசிக் தன்னைவிட சுமார் 25 கிலோ அதிகமிருந்த டைசன் ஃபியூரியைத் தோற்கடித்தார். கீழ் எடைப் பிரிவுகளில் ஒப்பீடு சுலபம் என்று தோன்றும். வெல்டர்வெயிட் அன்றும் 147 பவுண்டு, இன்றும் 147. ஆனால் ராபின்சன் சண்டை நாளன்றே எடை காட்டினார். இன்று முந்தைய நாளே காட்டிவிட்டு, இரவெல்லாம் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு, பல கிலோ ஏறித்தான் ரிங்குக்குள் வருகிறார்கள்.

பழைய படங்களைப் பார்த்து 'இவர்களா வீரர்கள்' என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசாப்பட காலத்துக் கேமராக்களைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்குப் பதினாறு படங்கள் என்பதுபோல. அதை 24இல் ஓட்டினால் யாரானாலும் பொம்மை மாதிரிதான் துள்ளுவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சரி, அலியா லூயிஸா என்று கேட்டால் நழுவ மாட்டேன். 1938இல் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்த லூயிஸ், 1966இல் கிளீவ்லாந்து வில்லியம்ஸை ஆட்டிவைத்த அலி, 15 சுற்று, 1960களின் விதி: அலிக்கு நூறில் 60. லூயிஸ் கால்களை இழுத்து நகர்பவர். தன்னைவிடப் பத்து கிலோவுக்கு மேல் குறைவான கான் சுற்றிச் சுற்றி ஓடியே 12 சுற்று அவரைத் திணறடித்தார் என்றால், கானைவிட மிகப் பெரிய உடம்போடும் நீண்ட கையோடும் அதே வேலையை அலி செய்வார். மீதி 40 ஏன்? அலி குத்தைத் தவிர்க்கத் தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பவர். 1963இல் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அந்த நேரம் பார்த்துத்தான் அவரைக் கீழே தள்ளியது, 1971இல் ஃபிரேசியருடையதும் அப்படியே. லூயிஸின் இடது ஹூக் அந்த இருவருடையதையும்விடக் குறுகிய பாதையில் வரும், உடனே பின்னாலேயே வலதும் வரும். கூப்பர் வீழ்த்தியபோது சுற்று முடியும் மணி அடித்து அலியைக் காப்பாற்றியது. லூயிஸ் அந்த ஹூக்கைச் சுற்றின் நடுவில் போட்டால், என் 60 அங்கேயே போய்விடும்.