மிச்சச் சோற்றில் எரியும் அடுப்பு

நாஞ்சில் நாட்டில் குளத்துக்குப் பஞ்சமில்லை. கோடையில் தண்ணீர் வற்றிய குளத்தில் ஒரு கம்பை இறக்கிச் சேற்றைக் கிளறினால் குபுகுபுவென்று குமிழிகள் மேலே வரும். 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா செய்ததும் இதுதான். வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார், தீ வைத்தார், எரிந்தது. பின்னாளில் மின்கலத்தை உருவாக்கிய அதே வோல்ட்டா. அவர் பிடித்த வாயு மீத்தேன்; காற்றுப் புகாத இடத்தில் இலைதழை மக்கும்போது உண்டாவது.

வீட்டுப் புறவாசலில் வைக்கும் சாண எரிவாயுக் கலன் (பயோகேஸ்) மூடி போட்ட குளத்துச் சேறு, அவ்வளவுதான். சாணத்தில் மட்டுமல்ல, சமையலறைக் கழிவிலும் அது ஓடும். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தார் இதற்கென்றே ‘சக்தி சுரபி’ என்ற கலனை வடிவமைத்திருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இரண்டு கூட்டத்தாரின் வேலை. பழைய சோறு, மீன் குடல், ஏத்தன் பழத்தோல் என்று எதைப் போட்டாலும் முதல் கூட்டமான பாக்டீரியாக்கள் அதைச் சர்க்கரையாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடைத்து, கடைசியில் அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்ற அளவுக்குக் கொண்டுவந்து விடும். அசெட்டிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, வினிகரின் புளிப்பு. அடுத்த கூட்டம் ஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிரிகள். இவை பாக்டீரியா இனமே அல்ல. ஆக்சிஜன் பட்டால் தாங்காது. அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேனை வெளியே விடுவது இவைதான்.

சிக்கல் எங்கே என்றால், முதல் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இரண்டாவது கூட்டத்துக்கு நாள்கணக்கில் ஆகும். வீட்டில் ஒரு விசேஷம் நடந்து, மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் ஒரே நாளில் உள்ளே கொட்டினால் என்ன ஆகும்? அமிலம் மளமளவென்று சேரும், அதைத் தின்ன ஆள் போதாது. காரஅமில அளவு (pH) 7ஐ ஒட்டி இருக்க வேண்டியது 6.5க்குக் கீழே இறங்கும், ஆர்க்கியா முடங்கிவிடும். கலனில் வாயு வரும், ஆனால் தீப்பிடிக்காது. பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. புளித்த வாடையும் அடிக்கும். ‘வாங்கி வைத்தோம், ஓடவில்லை’ என்று சொல்லும் வீடுகளில் பழி கலன்மேல் விழுகிறது. என் கணிப்பில் பாதிக்குமேல் தீனிக்கோளாறுதான். சில நாள் எதுவும் போடாமல் விட்டு, கொஞ்சம் சாணக்கரைசல் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நம்மூர்த் தீனியில் கவனிக்க வேண்டியது மரச்சீனி (மரவள்ளி) தோல். கிழங்கின் சதையைவிடத் தோலில் சயனைடு தரும் பொருள் அதிகம், ஆர்க்கியாவுக்கு அது ஆகாது. சிறிது சிறிதாகக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். வெயிலில் உலர்த்திப் போட்டால் இன்னும் நல்லது. எலுமிச்சைத் தோலும் அதிகமானால் கெடுதல். சிரட்டை, தேங்காய்த் தொண்டு, முட்டை ஓடு எல்லாம் போடவே கூடாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சக்கை (பலா) சீசனில் சக்கை மடலை நறுக்கித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைக்கும்.

தட்பவெப்பம் நமக்குச் சாதகம். இந்த உயிரிகளுக்கு 30 முதல் 38 டிகிரி சூடு பிடிக்கும். வட இந்தியக் குளிரில் வாயு உற்பத்தி படுத்துவிடும். நம் சமவெளியிலோ 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் வேறொரு தொல்லை உண்டு. கலனிலிருந்து வரும் வாயுவில் நீராவி நிறைய இருக்கும். குழாய் குளிர்ந்ததும் அது தண்ணீராகித் தாழ்வான வளைவில் தேங்கும். அடுப்பில் தீ ‘பக் பக்’ என்று துள்ளினால் இதுதான் காரணம். அந்த வளைவில் தண்ணீரை வடிக்க ஒரு சின்ன வால்வு வைத்துவிட்டால் தீர்ந்தது.

அடுப்பும் வேறாக இருக்க வேண்டும். இந்த வாயுவில் மீத்தேன் 60 சதவீதம் அளவில்தான், அழுத்தமும் குறைவு. அதனால் சிலிண்டர் அடுப்பைவிட வாயு வரும் துளை பெரிதாக வேண்டும். புதுக் கலனில் முதலில் சேரும் வாயுவைக் கொளுத்தக் கூடாது. உள்ளே காற்று கலந்திருக்கும், காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அதைத் திறந்தவெளியில் விட்டுவிட வேண்டும்.

சரி, காசு எவ்வளவு மிச்சம்? ஒரு கிலோ சாணத்தில் சுமார் 0.04 கன மீட்டர் வாயு கிடைக்கும், ஒரு கிலோ சமையல் கழிவில் 0.1 அல்லது அதற்கும் மேல். சாணத்தில் சத்தைப் பசு முன்னமே எடுத்துக்கொண்டதே! ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். தினம் 2 கிலோ கழிவு போடும் வீட்டில் ஒற்றை அடுப்பு முக்கால் மணி நேரம்போல எரியும். நாலைந்து மாதத்துக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். சிலிண்டரே வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. பசு இருக்கிற வீடு, பக்கத்துச் சாயாக்கடைக் கழிவையும் வாங்கிப் போடுகிற வீடு என்றால் கணக்கே வேறு.

வெளியே வழியும் கரைசலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்பன்தான் வாயுவாகப் போகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் ஏறக்குறைய அப்படியே கரைசலில் தங்கும். தண்ணீர் கலந்து மட்டி வாழைக்கும் தென்னைக்கும் தூரில் ஊற்றலாம். கீரைப் பாத்தியில் மட்டும் இலையில் படாமல் மண்ணில் விட வேண்டும்.