மெனுதான் காணோம், லினக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது

திருநெல்வேலியிலிருந்து மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். லேப்டாப்பில் விண்டோசும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவும் வைத்திருக்கிறார். போன வாரம் விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றைச் செய்துகொண்டது. அன்றிலிருந்து, எதற்குள் போகட்டும் என்று கேட்கும் அந்த மெனு வருவதில்லை, நேராக விண்டோஸ். கடையில் காட்டினால், "லினக்ஸ் அழிஞ்சிடுச்சு தம்பி, பார்மட் பண்ணிடலாம்" என்றார்களாம். ப்ராஜெக்ட் முழுக்க உபுண்டுவில் இருக்கிறது.

பார்மட் செய்யாதீர்கள். அது அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கடைக்காரரின் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரலுக்கு அந்தக்காலத்தில் பயாஸ் என்று பெயர். அது ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான் படிக்கும். அதில் சிஸ்டத்தை எழுப்பும் பூட் நிரலுக்கு 446 பைட், டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி இரண்டு பைட் ஓர் அடையாளக் குறி. நாற்காலி ஒன்றே ஒன்று. கடைசியாக உட்கார்ந்தவர் முன்னவரைத் தள்ளிவிடுவார். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸ் போட்டால் லினக்ஸின் மெனு போயே போச்சு. பயாஸுக்குப் பதிலாக இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் யூஇஎஃப்ஐ அப்படி வேலை செய்வதில்லை.

டாக்டர் கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டோக்கன். யாரை முதலில் கூப்பிடுவது என்பது மட்டும் கம்பவுண்டர் கையில் உள்ள தனிச் சீட்டில் இருக்கிறது. மதர்போர்டில் மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. அதில் பூட்0000, பூட்0003 என்று டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் பெயர், எந்த பார்ட்டிஷன், அதில் எந்தக் கோப்பு என்ற மூன்று விவரமும் உண்டு. அவை தவிர பூட் ஆர்டர் என்று ஒரு தனிச் சீட்டு: வெறும் எண்கள், வரிசையாக. விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் செய்வது இந்தச் சீட்டில் தன் எண்ணை மேலே எழுதிக்கொள்வதுதான். உபுண்டு அதே பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பூட் நெக்ஸ்ட் என்கிற இன்னொரு துண்டுச் சீட்டு. 'இந்த ஒரு தடவை மட்டும் இவரை விடு' என்று அதில் ஓர் எண்ணை எழுதலாம். கம்பவுண்டர் அதைப் படித்ததும், அந்த ஆளை உள்ளே விடுவதற்கு முன்பே சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஏன் முன்பே? உள்ளே போனவர் மயங்கி விழுந்துவிட்டால்? சீட்டு அப்படியே இருந்தால், நீங்கள் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதே உறைந்த திரைதான் வரும். கிழித்தாகிவிட்டதால் அடுத்த முறை தானாகப் பழைய வரிசைக்குத் திரும்பிவிடுகிறது. முன்னால் கிழிப்பதா பின்னால் கிழிப்பதா என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இந்தச் சீட்டெல்லாம் டிஸ்க்கில் இல்லை என்பது எனக்கே ஒரு முறை உறைத்தது. என் லேப்டாப்பில் மதர்போர்டை மாற்ற வேண்டி வந்தது. டிஸ்க்கை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் லினக்ஸ் மெனுவைக் காணோம், விண்டோஸ் மட்டும் வருகிறது. புதுப் போர்டில் டோக்கன் எதுவும் கிடையாது. டோக்கனே இல்லாதபோது, டிஸ்க்கில் பூட் கோப்புகளுக்கென்றே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'பூட்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் பொதுப் பெயர் கொண்ட ஒரு கோப்பை யூஇஎஃப்ஐ தேடும். விண்டோஸ் தன் நகலொன்றை அங்கே போட்டுவைப்பது வழக்கம். முன்பின் தெரியாத லேப்டாப்பில்கூட உபுண்டு பென் டிரைவ் பூட் ஆவதும் இதே வழியில்தான்.

சரி, தம்பி செய்ய வேண்டியது. ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து பூட் செய்ய என்று ஒரு பட்டியல் வரும், அதில் உபுண்டு இருந்தால் தேர்ந்தெடுத்து உள்ளே போய், இ-எஃப்-ஐ-பூட்-எம்-ஜி-ஆர் என்று எழுத்துக்கூட்ட வேண்டிய கட்டளையால் வரிசையை மாற்றலாம். யூஇஎஃப்ஐ அமைப்புத் திரையிலேயே (பலர் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்வார்கள்) மாற்றினாலும் சரி. பட்டியலில் இல்லையென்றால் பென் டிரைவில் பூட் செய்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே கட்டளையால் புது டோக்கன் போட்டுவிடலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட், பழைய லினக்ஸ் பூட் கோப்புகளை ஏற்காதபடி செய்து பலரைப் படுத்தியது. அப்போதும் டிஸ்க்கில் ஒன்றும் அழியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக, மெனு வந்து அதில் விண்டோஸைக் காணோம் என்றால், அந்த மெனுவைக் காட்டும் க்ரப் என்ற நிரலின் 2021-இல் வந்த 2.06 பதிப்பு மற்ற சிஸ்டங்களைத் தேடுவதை இயல்பாகவே நிறுத்திவிட்டது என்பது காரணமாக இருக்கலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. எதற்கெடுத்தாலும் பார்மட் என்பதுதான் கெடுதலான மூடநம்பிக்கை. தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோசோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் வந்தது. எங்கள் தெருவில் அதை வாங்கிய பிள்ளைகள் பலர் அந்த மெனுவையே கோளாறு என்று நினைத்தார்கள். மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை, அது ஏன் இரண்டு பெயர் காட்டுகிறது என்று சொல்லித்தரவும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

நேற்று மாணவரிடமிருந்து படம் வந்தது. வரிசையில் 0000 முதலில், 0003 அடுத்து. 0003-க்கு நேரே உபுண்டு, முழுசாக. மாற்றிவிட்டார், மெனு வந்துவிட்டது. கூடவே இன்னொரு கேள்வி: "சார், இப்ப விண்டோஸ்ல மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது." மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கும் லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, அனுப்பிவிட்டேன்.