சொல்லாமல் கொள்ளாமல் கடித்ததா?

"சொல்லாம கொள்ளாம கடிச்சிடுச்சு டாக்டர்." கால்நடை மருத்துவரான நான் இந்த மாதம் இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அண்ணா நகர்க் குடும்பம், நான்கு வயது லாப்ரடார் நாய், கையில் கட்டோடு பையன். முன்பெல்லாம் சோற்றுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமுமாம். "பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடு போட்டேன். இப்போ உறுமுறதே இல்ல" என்றார் அப்பா, பெருமையாக.

அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது சார். நீங்கள்தான் வாயை அடைத்தீர்கள். பயம் அப்படியே உள்ளே இருக்கிறது, சத்தம் மட்டும் போய்விட்டது.

எனக்கு இதைவிட எரிச்சல் தருவது இன்னொன்று. "தப்பு பண்ணா அதுக்கே தெரியும் டாக்டர், நான் ஆபீஸ்ல இருந்து வந்ததும் காதை மடக்கிட்டு மூலையில போய் உக்காந்துக்கும்." தெரியாது. காலை 11 மணிக்குக் கடித்த செருப்புக்கு இரவு 8 மணிக்கு அடி விழுந்தால், நாய் அந்த இரண்டையும் முடிச்சுப் போடாது. அடிக்குச் சற்று முன் நடந்ததைத்தான் பிடித்துக்கொள்ளும். பூட்டு திறக்கும் சத்தம், அப்புறம் நீங்கள், அப்புறம் அடி. அதனால்தான் மூலைக்கு ஓடுகிறது. 2009-ல் வெளியான ஆய்வில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் அவரிடம் பொய் சொல்லப்படும். அந்தக் 'குற்றவாளி' முகம் வந்தது திட்டு விழுந்தபோதுதான், தின்றதற்காக அல்ல. தொடவே தொடாத நாயைத் திட்டியபோது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. பாவம்!

மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பவர்களுக்கும் இதே பதில்தான். உங்கள் கண் முன்னால் போகக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போகும்.

உறுமினால் விலகுங்கள். எப்போது, எதற்கு என்று குறித்து வைத்து வந்து சொல்லுங்கள். தட்டைப் பிடுங்கிப் பழக்காதீர்கள். தள்ளி நின்று ஒரு கோழித் துண்டை வீசிவிட்டு நடையைக் கட்டுங்கள். நாள்பட நீங்கள் வருவதே அதற்கு நல்ல சேதி ஆகும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த லாப்ரடாருக்கும் இடது காதில் சீழ். பையன் கட்டிப்பிடித்தது அந்தப் பக்கம்தான்.

கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே மனித டாக்டரைப் பாருங்கள், ப்ளீஸ்.

பயிற்சியாளர் முதல் நாளே கழுத்தை நெரிக்கும் சங்கிலியோடு வந்து நின்றால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.