ஃபெல்ட் தொப்பி: உணர்ந்த தொப்பியா, சடைத்துணித் தொப்பியா?

பழைய தொப்பி வாங்கலாம் என்று இணையக் கடைக்குள் நுழைந்து, பக்கத்தைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ‘உணர்ந்த தொப்பி’ என்று வந்து நிற்கும். யார் உணர்ந்தது, எதை உணர்ந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. ‘உணர்ந்தேன்’ என்பதற்கும் இந்தத் தொப்பித்துணிக்கும் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றேதான், ஃபெல்ட். இயந்திரம் தனக்கு முதலில் தெரிந்த பொருளை எடுத்துப் போட்டுவிட்டது.

இரண்டுக்கும் பிறப்பில் உறவு இல்லை. துணியைக் குறிக்கும் ஃபெல்ட் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழைய சொல். அடித்து இறுக்குவது என்பது அதன் வேர்ப்பொருள். அதுவே இடைக்கால லத்தீனில் ‘ஃபில்ட்ரும்’ ஆனது. அந்தக் காலத்தில் திரவங்களை இந்தத் துணியில்தான் வடிகட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஃபில்டர். அந்த வகையில் ஃபில்டர் காபிக்கும் ஃபெல்ட் தொப்பிக்கும் பங்காளி முறை.

இதற்குத் தமிழ் சொல்ல வேண்டுமானால் முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது, பின்னலும் கிடையாது. ஆட்டு ரோமத்திலும் முயலின் அடிமயிரிலும் ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி உருட்டினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, செதில் மாட்டிக்கொண்டு, திரும்பி வர முடியாமல் இறுகிவிடும். சுடுதண்ணீரில் துவைத்த கம்பளி ஸ்வெட்டர் குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கி அட்டைபோல விறைத்துப் போவதை மலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதை வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்தால் ஃபெல்ட். தொப்பி ஆலையில் ஓட்டைகள் உள்ள ஒரு பெரிய கூம்பின் மேல் மயிரை ஊதி, உள்ளிருந்து காற்றை உறிஞ்சிப் படிய வைத்து, வெந்நீர் தெளிப்பார்கள். அப்போது அப்படிப் படிந்த மயிர்க்கூம்பு ஒரு தலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். திரும்பத் திரும்பச் சுருக்கித்தான் தொப்பி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

இதைக் ‘கம்பளித் தொப்பி’ என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். எங்கள் மூணாறு, தேவிகுளம் பக்கம் அது நடக்காது. இங்கே கம்பளித் தொப்பி கேட்டால் கடைக்காரர் குளிருக்குப் போடும் குரங்குக் குல்லாயைத்தான் எடுத்து நீட்டுவார். போதாக்குறைக்கு ‘கம்பிளி’ என்றால் எஸ்டேட்டில் வேறொன்று: மழையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையிலிருந்து கொங்காடையாக, அதாவது மடித்துக் கவிழ்த்து, போட்டுக்கொண்ட கறுப்புப் போர்வை. அது நெய்தது. தவிர, நல்ல ஃபெல்ட் தொப்பியில் ஆட்டு ரோமமே இருக்காது. முயல், காட்டுமுயல், பீவர் ஆகியவற்றின் மயிர்தான். எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியையும் இதில் சேர்க்க முடியாது. அதில் ரோமம் புசுபுசுவென்று நிற்கும். ஃபெல்ட்டில் மயிர் தன் அடையாளமே தெரியாமல் இறுகிவிடும்.

மயிர் இப்படி ஒன்றோடொன்று சிக்கி இறுகுவதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ‘தலை சடை பிடிச்சுப் போச்சு’ என்று தினமும் சொல்கிறோம். எனவே சடைத்துணி என்பதே சரியான பெயர் என்பது என் கட்சி. நெய்யாததை எப்படித் துணி என்பது என்று ஒருவர் மடக்கலாம். துணி என்ற சொல்லில் நெசவே இல்லை. துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி எடுத்த துண்டு துணி. அறுவை என்ற பழைய சொல்லும் அப்படித்தான், அறுத்தது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவர் இருந்தார். அவர் விற்றது துணி. ஆக, சடைத்துணியில் இலக்கணக் குற்றம் ஏதும் இல்லை. பேச்சில் ஃபெல்ட் தொப்பி என்றே இருக்கட்டும், குடி முழுகாது. எழுதும்போது ‘உணர்ந்த’ வராமல் இருந்தால் சரி.

தொப்பி என்ற சொல்லை உருது ‘டோப்பி’யிலிருந்து வந்ததாக அகராதிகள் காட்டும். வெள்ளைக்காரருக்கே ஒரு காலத்தில் தொப்பிக்காரர் என்று பெயர். போர்த்துகீசிய வழி வந்த கலப்பினச் சிப்பாய்களை ‘டோபாஸ்’ என்றார்கள். அது டோப்பியிலிருந்து வந்ததா, இரு மொழி பேசும் துபாஷியிலிருந்து வந்ததா என்று இன்னும் வழக்கு தீரவில்லை. வந்த சொல்லானாலும் எல்லை தாண்டி எல்லா மொழியிலும் நன்றாக ஊன்றிவிட்டது. மலையாளத்தில் வயல்வேலைக்குக் கமுகம் பாளையில் செய்தது பாளத்தொப்பி, பனையோலையில் அகலமாகப் பின்னித் தலையில் கவிழ்த்தது தொப்பிக்குடை. போலீஸ்காரருக்கு வேலை போனால் ‘தொப்பி தெறிச்சு’. சித்தூர்ப் பக்கம் போனால் ஏமாற்றுவதற்கே தொப்பி வைப்பது என்று தெலுங்கில் பெயர். நாம் அதே காரியத்துக்குக் குல்லா போடுகிறோம். அந்தக் குல்லா பாரசீகக் ‘குலாஹ்’.

தோட்டத் துரைமார் முதலில் போட்டது ஃபெல்ட் அல்ல, சோலாத் தொப்பி. சோலா என்பது நம் நெட்டி. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செதுக்குகிறார்களே, அந்த வகைத் தக்கைதான். வெயிலுக்குப் போடுவதால் சோலார் என்று ஆங்கிலேயர் பிறகு திரித்துக்கொண்டார்கள். ஃபெல்ட்டில் இங்கே பொருந்தியது அகன்ற விளிம்புள்ள டெராய். இமயமலை அடிவாரத் தராய் நிலத்தின் பெயர் அது. கூர்க்காப் படையினர் இன்றும் அணிகிறார்கள். மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடச் சுவரில், இந்த மலையில் நெடுங்காலம் வேலை பார்த்த துரைமாரின் தொப்பிகள் தொங்குகின்றன. தொப்பி வகை படிக்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது.

ஃபெல்ட் தொப்பிகளின் மற்றப் பெயர்களில் ஃபெடோரா மட்டும் கதையுள்ளது. உச்சியில் மடிப்பு விழுந்த, விளிம்புள்ள தொப்பி அது. 1882இல் பாரிஸில் அரங்கேறிய ஒரு நாடகத்தின் நாயகி ஃபெடோரா. அந்த வேடத்தில் சாரா பெர்ன்ஹார்ட் நடித்தார். பெண்ணின் பெயரில் வந்த தொப்பியைப் பிறகு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். போர்சலினோ, ஸ்டெட்சன் இரண்டும் வகை அல்ல, தயாரித்தவர்களின் பெயர். முன்னது 1857இல் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியாவில், பின்னது 1865இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. 1849இல் லண்டனில் பிறந்த, உருண்டை உச்சியுள்ள பௌலர் தொப்பியின் விறைப்புக்குக் காரணம் ஷெல்லாக், அதாவது அரக்கு. அன்றைக்கு உலகத்துக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது.

இனி வாங்கும் சங்கதி. கொச்சி மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைபோல ஒளி தெரிந்தால் அந்துப்பூச்சி வேலை. அடுத்து உள்ளே நெற்றியைத் தொடும் தோல்பட்டையை மெதுவாகப் புரட்டுங்கள். காய்ந்து பொடிந்தால் மாற்றத்தான் வேண்டும். விலையைக் குறைத்துக் கேட்கலாம். பட்டைக்குப் பின்னால் அளவுச்சீட்டு இருக்கும். எங்கள் மழையில் பூசணம் பிடிக்காத தொப்பி அபூர்வம். மேலோட்டமாக இருந்தால் தூரிகை போதும், மயிர் வரை இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

நசுங்கியிருப்பது ஒரு குறையே அல்ல. கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆவி காட்டினால் சில நொடிகளில் ஃபெல்ட் இளகும். உள்ளிருந்து விரலால் தள்ளி, மேலே மடிப்பு வைத்து, ஆறும் வரை கையை எடுக்காமல் இருந்தால் அப்படியே நிற்கும். ஆலையில் இதே வேலையை மரக் கட்டையில் மாட்டிச் செய்வார்கள். ஆனால் மிகப் பழைய தொப்பிக்கு ஆவி காட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். மயிர் நன்றாகச் சடை பிடிப்பதற்காக முன்பு பாதரச உப்பு பூசினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் கை நடுங்கி, புத்தி பேதலித்துப் போனார்கள். அமெரிக்காவில் 1941இல்தான் அது நின்றது. பாதரசம் பழைய தொப்பிகளில் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

அளவில் ஒரு வில்லங்கம் உண்டு. நெற்றியைச் சுற்றி நூல் பிடித்து 58 சென்டிமீட்டர் வந்தால் அமெரிக்கத் தொப்பியில் அது 7¼, பிரிட்டிஷ் தொப்பியில் 7⅛. எந்த நாட்டுத் தொப்பி என்று பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். சற்றுப் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, தோல்பட்டைக்குப் பின்னால் காகிதத்தை மடித்துச் செருகலாம். சிறிதாக இருந்தால் இழுத்துப் போடக் கூடாது. பழைய பட்டை தையலோடு பிய்ந்துவிடும்.