போட்டோவோல்டாயிக்னா என்ன? பேர்லயே ஒளிதான் இருக்கு, சூடு இல்ல

எங்க தெருவுல மொட்டைமாடில சோலார் போட்ட ஒரு அண்ணன், அக்னி நட்சத்திரம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தாரு, வெயில் கொளுத்துனா யூனிட் கொட்டும்னு அவர் கணக்கு. மே மாசமும் வந்துச்சு, ஆப்ல பாத்தா மார்ச்ல வந்த அளவு கூட வரல, இன்வெர்ட்டர்தான் போச்சுன்னு ஆள கூப்பிட்டு காட்டினா அது நல்லாத்தான் இருக்கு. எனக்கென்னவோ நாம புழங்குற சொல்லுதான் அவர ஏமாத்திருச்சுன்னு தோணுது.

சோலார்ங்கிறது லத்தீன்ல சூரியன குறிக்குற ‘சோல்’லுல இருந்து வந்தது. பேனல் அதவிட வேடிக்கை, லத்தீன்ல ‘பன்னுஸ்’னா துணி, அது பிரெஞ்சு வழியா வந்து துண்டுத்துணி பலகையாகி இப்ப கண்ணாடித் தகடா நிக்குது. ரெண்டையும் சேத்துப் படிச்சாலும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. மாடில தண்ணி சுட வைக்கிறதும் சோலார்தான், கரண்ட் குடுக்குறதும் சோலார்தான், ஆனா அதுக்கு சூடுதான் சாப்பாடு, இதுக்கு சூடுன்னாலே ஆகாது.

விஷயத்த சரியா சொல்ற சொல்லு இன்ஜினியருங்க பி.வி.ன்னு சுருக்கிச் சொல்ற போட்டோவோல்டாயிக். ‘போட்டோ’ கிரேக்கத்துல ஒளி, நாம எடுக்குற போட்டோவும் அதேதான். ‘வோல்டாயிக்’ 1800ல முதல் பேட்டரி செஞ்ச இத்தாலிக்காரர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா பேர்ல வந்தது. ஒளி பட்டா மின்சாரம் பொறக்குதுன்னு 1839ல பிரெஞ்சு விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரெல் கண்டுபிடிச்சப்ப அவருக்கு 19 வயசு. 1954ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்ச சிலிக்கான் செல்லு, அதாவது பேனலுக்குள்ள வரிசையா இருக்குற மின்கலம், ஒளியில சுமார் 6 சதவீதத்தத்தான் கரண்டா மாத்துச்சு.

தமிழ்ல ஒளிமின்னழுத்தம்னும் சொல்றாங்க, ஒளி வோல்டா மின்கலம்னும் எழுதுறாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், வோல்டாவோட பேரும் தங்குது, முன்னாடி ஒளியும் நிக்குது. பேச்சுல நாம என்னவோ ‘வெயில்ல கரண்ட் எடுக்குறோம்’னுதான் சொல்வோம். வெயில், வெய்யோன், வெப்பம், வெந்நீர் எல்லாம் ஒரே குடும்பம், வெம்மைக்காரங்க. அதனால வெயில்னு சொன்னதுமே வெளிச்சமும் சூடும் ஒட்டிக்கிட்டே மனசுல வருது, பேனலுக்கு அதுல பாதி வேணும் பாதி வேணாம்.

ஏன் வேணாம்னா, சூடு ஏற ஏற சிலிக்கான் செல்லோட வோல்டேஜ் எறங்கும், செல்லுக்கு டிகிரிக்கு சுமாரா 2 மில்லிவோல்ட், கரண்ட் லேசா கூடினாலும் அந்த நஷ்டத்துக்கு ஈடாகாது. பேனலோட வர்ற விவரத்தாள், அதான் டேட்டாஷீட், அதுல டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்னு இருக்கும், அதுக்குத் தமிழ் வெப்பநிலைக் குணகம், கணக்குப் பாடத்துல கெழுன்னு படிச்சோமே அதே கெழுதான். மைனஸ் 0.35 சதவீதம்னு போட்டிருந்தா 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் அவ்ளோ போச்சுன்னு அர்த்தம். இந்த 25 வெளிய இருக்குற காத்தோட சூடு இல்ல, செல்லோட சூடு, இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. காத்து 38 டிகிரி இருக்குற மத்தியானம் செல்லு 65 தொடுறது சாதாரணம், அப்ப 40 டிகிரி கூட, 14 சதவீதம் காலி, 550 வாட் பேனல் 473 வாட்தான் குடுக்கும். புதுசா வர்ற டாப்கான் (TOPCon)ங்கிற சிலிக்கான் செல் வகைல இந்தக் கெழு 0.30 பக்கத்துல இருக்கும், நம்ம ஊருக்கு அந்த வித்தியாசம் பாக்க வேண்டியதுதான்.

இப்ப கூலிங். குளிர்விப்புன்னு மொழிபெயர்க்குறாங்க, அது ஃப்ரிட்ஜ் ஞாபகத்த கொண்டுவருது. பேனல சில்லுன்னு ஆக்க வேணாம், ஏறுன சூட்ட எறக்கினா போதும், அதுக்கு நம்ம கிட்ட ‘ஆத்துறது’ன்னு அருமையான சொல்லு இருக்கே, டீக்கடைல தினம் பாக்குறோம், எழுத்துல ஆற்றுதல். வெப்பம் ஆற்றுதல்னு வச்சா செய்ற வேலையும் அதுவே சொல்லிடும். டீய ஆத்துறது காத்துதான, பேனலுக்கும் முதல் மருந்து காத்துதான், தளத்தோட ஒட்டிப் போடாம கீழ இடைவெளி விட்டு ஸ்டாண்ட்ல தூக்கிப் போட்டா அடில காத்து ஓடி சூட்ட வாங்கிட்டுப் போகும், ஒரு பைசா கரண்ட் செலவில்ல. தண்ணி மேல மிதக்க விடுறதும் ஒரு வழி, தூத்துக்குடில ஸ்பிக் உர ஆலையோட நீர்த்தேக்கத்துல 2022ல இருந்து அப்படி ஓடுது, கூடவே தண்ணி ஆவியாகுறதும் கொறையும்.

பைப்ப எடுத்து மத்தியானம் பீச்சுறவங்கதான் எனக்கு பயம். கொதிக்குற கண்ணாடில சட்டுனு குளுந்த தண்ணி பட்டா விரிசல் விட வாய்ப்பிருக்கு, போர் தண்ணி உப்பா இருந்தா காஞ்சதும் வெள்ளையா படிஞ்சு ஒளியவே மறைக்கும், மோட்டார் தின்ற கரண்ட் தனிக் கணக்கு. தூசி கழுவணும்னா காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கழுவிடுங்க.