பிள்ளையின் நோட்டை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா போன் செய்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்தே கிடக்கிறாளாம். ‘என் வாழ்வில் மறக்க முடியாத நாள்’ என்று வகுப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்ததையும், தம்பியும் அவளுமாகத் தூக்கி வந்து திண்ணையில் படுக்க வைத்ததையும் அவள் எழுதிவிட்டாள். ஆசிரியருக்கு மனசு உருகிப் போயிற்று. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேரைச் சொல்லி வாசித்துக் காட்டினார். பக்கத்தை போட்டோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். சாயங்காலத்துக்குள் அது ஊர் சுற்றி அவள் அப்பாவின் செல்லுக்கே வந்துவிட்டது.

இந்தக் கல்வியாண்டில் இப்படி எனக்கு வரும் மூன்றாவது அழைப்பு இது. பத்தொன்பது வருடம் தமிழாசிரியையாக இருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் எட்டிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் வாழ்க்கையை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘மனசுல இருக்கறதைக் கொட்டிடு, லேசாயிடும்.’ பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். எழுதிய உடனே லேசாகும் என்று யார் சொன்னது? 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களைப் பாதித்த நிகழ்ச்சிகளை எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்குத் துக்கம் கூடியிருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவரிடம் போவது குறைந்ததெல்லாம் பின்வந்த மாதங்களில்தான். அவர்கள் கல்லூரி வயதினர்; எழுதியதை யாரும் கூட்டத்தில் வாசித்துக் காட்டவில்லை. நாமோ பதினாலு வயதுப் பிள்ளையைக் கடைசி பீரியடில் அழ வைத்து, மணி அடித்ததும் பஸ் ஏற்றி அனுப்புகிறோம். அந்த ராத்திரியை அது யாரோடு கழிக்கும் என்று யோசித்தோமா?

அழுகை வந்தால்தான் உண்மையான எழுத்து என்கிற நினைப்பும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதனால் நடப்பது ஒன்றுதான். வீட்டில் சாவோ சண்டையோ இல்லாத பிள்ளை, ‘எனக்கு எழுத ஒண்ணுமே இல்லை’ என்று கையைக் கட்டிக்கொள்கிறது. இருக்கிற பிள்ளை, ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்று கண்டுகொண்டு அதையே திரும்பத் திரும்ப எடுத்து வைக்கிறது. இரண்டு பேருமே எழுதக் கற்றுக்கொள்வதில்லை.

சோகத்தைக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரம் ‘முன்னுரை’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். (முன்னுரை, முடிவுரை என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டு எழுதும் குறிப்புச் சட்டகம் பழகிய கை, அவனைக் குறை சொல்லக் கூடாது.) “உங்க வீட்டு வாசல்ல என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“செருப்புதான் டீச்சர்.”

“எத்தனை ஜோடி?”

“நாலு.”

“வீட்டுல எத்தனை பேர்?”

“மூணு பேர்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: “ஒண்ணு அப்பாவோடது. அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கார். ஆம்பளை இருக்கற வீடுன்னு தெரியணும்னு அம்மா அதை எடுக்க விடாது. மழை வந்தா மட்டும் உள்ள எடுத்து வைக்கும்.”

“இதை அப்படியே எழுது” என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். வருத்தம், கண்ணீர், ஏக்கம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. வார் அறுந்த இடத்தில் போட்டிருந்த ஊக்கு இருந்தது. (அவனையும் அவன் அம்மாவையும் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன். ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறேன்.)

பேரை மாற்றுவது ஏமாற்று வேலை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அவர்களுக்கு, நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பற்றிச் சொல்வேன். 1944 மார்ச்சில், நாட்குறிப்புகளைப் பாதுகாத்து வையுங்கள் என்று லண்டனிலிருந்து வந்த வானொலிப் பேச்சைக் கேட்ட பிறகு, அவள் தன் நாட்குறிப்பைத் திருத்தி மறுபடி எழுத ஆரம்பித்தாள். கூட ஒளிந்திருந்தவர்களுக்குப் புனைபெயர்களும் வைத்தாள். அப்போது அவளுக்குப் பதினாலு வயதுதான். அடுத்தவர் கண்ணில் படப்போகும் எழுத்தில் யாரை எப்படிக் காட்டுவது என்று அவள் யோசித்திருக்கிறாள். நம் பிள்ளைகளாலும் முடியும்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? முதலில் நீங்கள் எழுதி வாசியுங்கள். உங்கள் வீட்டுச் செருப்பைப் பற்றி நீங்கள் எழுதாமல் பிள்ளையிடம் கேட்காதீர்கள். எழுதும் வகுப்பை முதல் இரண்டு பீரியடுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். அப்பா செத்ததைப் பற்றி எழுதிய பக்கத்தில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை சுழித்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘அப்போது அடுப்பில் என்ன இருந்தது?’ பக்கத்தை மடித்து வைத்தால் யாரும் படிக்கக் கூடாது என்று அர்த்தம் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மடித்ததைப் பிரிக்காதீர்கள். ஒருமுறை பிரித்துப் பார்த்தால் போதும், அந்த வகுப்பே உங்களிடம் பொய் எழுதும்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாராவது உன்னைத் தொட்டுத் தொந்தரவு செய்வதாகவோ, உயிரை விடத் தோன்றுவதாகவோ எழுதினால் என்னால் ரகசியமாக வைத்திருக்க முடியாது, உதவிக்கு ஆள் கூப்பிடுவேன் என்று. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு. தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு நீங்களே போன் செய்யலாம். அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விடாதீர்கள்.

பெற்றோருக்கு: தலையணைக்கு அடியில் இருக்கும் நோட்டை எடுத்துப் படிக்காதீர்கள். பயமாக இருந்தால் பிள்ளையிடமே கேளுங்கள். நேரம் எடுக்கும்தான். கேட்டுக்கொண்டே இருங்கள்.

அந்த ஆசிரியரிடமும் பேசினேன். கெட்டவர் இல்லை. “பாராட்டத்தானே மேடம் வாசிச்சேன்” என்று குரல் உடைந்து சொன்னார். அதை நம்புகிறேன். அந்த நோட்டு இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது. சார், குழுவில் போட்ட போட்டோவை அழித்துவிடுங்கள். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நோட்டை அவளிடம் கொடுத்து, “கேட்காமல் வாசித்துவிட்டேன் பாப்பா, தப்புதான்” என்று சொல்லுங்கள்.